செல்லோ நுழையும் இடம்

(சிவகாசியில், இசை கேட்கும் நண்பர்கள் சிலர் கூடிய நவம்பர் 9 மாலைக் கூட்டத்தில் பேசியதன் அச்சு வடிவம்)



தீபாவளி முடிந்துவிட்டது. பட்டாசு செய்கிற பயராபீஸ்கள் இன்னும் பூஜை போட்டுத் திறக்கவில்லை. வருஷத்தில் இந்தச் சில நாள்தான் நம்ம ஊர் வாயை மூடிக்கொண்டு இருக்கும். காது கொடுத்துக் கேட்கிற காரியத்துக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

கூட்டத்துக்குத் தேதி கேட்டபோது நவம்பர் 9 என்று சொன்னேன். "என்ன அண்ணாச்சி, கல்யாண நாளா?" என்றார்கள். அதெல்லாம் இல்லை. 1835ஆம் வருஷம் இதே தேதியில், ஜெர்மனியில் லைப்சிக் என்ற ஊரில், பதினாறு வயதுப் பெண் ஒருவர் தான் எழுதிய பியானோ கன்சர்ட்டோவை முதல்முறையாக முழுசாக மேடையில் வாசித்தார். பெயர் கிளாரா வீக். ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர் மெண்டல்சன். கிளாரா பிற்பாடு ராபர்ட் ஷூமானைக் கல்யாணம் செய்துகொண்டு கிளாரா ஷூமான் ஆனார். உலகத்துக்கு அந்தப் பெயர்தான் தெரியும். அந்தக் கன்சர்ட்டோவைத் தெரிந்தவர்கள் கொஞ்சம். ஏ மைனர், ஓபஸ் 7, கேட்டு முடிக்க ஏறக்குறைய 21 நிமிஷம். சிவகாசியிலிருந்து விருதுநகர் போய்ச் சேர்வதற்குள் ஒரு தடவை கேட்டுவிடலாம்.

நான் சங்கீதம் படித்தவன் இல்லை. முப்பத்தாறு வருஷம் ஆப்செட் மெஷினோடு இருந்தவன். காலண்டர், தீப்பெட்டி லேபிள், வெடி டப்பா என்று லட்சுமியையும் முருகனையும் அச்சடித்தே வயசாகிவிட்டது. கிளாரா எனக்கு அறிமுகமானதும் அச்சு வழியாகத்தான். ஜெர்மனிக்காரர்கள் 1990இல் ஒரு புது நூறு மார்க் நோட்டு விட்டார்கள். முன்பக்கம் ஒரு பெண் முகம், பின்பக்கம் ஒரு பெரிய பியானோ. அச்சுத் தொழில் பத்திரிகை ஒன்றில் அதன் படத்தைப் பார்த்தேன். நோட்டில் முகத்தை வரைவது நம்ம காலண்டரில் வண்ணம் நிரப்புகிற மாதிரி இல்லை. எல்லாம் கோடு. மயிரிழைக் கோட்டை நெருக்கியும் விலக்கியும் கன்னத்தைக் கொண்டுவர வேண்டும். அந்தக் கோட்டு வேலையை ரொம்ப நேரம் பார்த்தேன். யார் இந்த அம்மா என்ற கேள்வி அதற்கப்புறம்தான் வந்தது. பாட்டுக் கேட்டது இன்னும் பல வருஷம் கழித்து. 2019, கிளாரா பிறந்து 200 வருஷம். அந்த வருஷம் ஐசட்டா கேனி மேசன் என்ற இளம் பியானோ கலைஞர் ராயல் லிவர்பூல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவோடு இதைப் பதிவு செய்து வெளியிட்டார். என் மகள் ஒரு ஹெட்போனும் வாங்கிக் கொடுத்து அதைப் போட்டுக் காட்டினாள்.

லைப்சிக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அது வணிகச் சந்தைக்குப் பேர்போன ஊர். அந்தக் காலத்தில் ஜெர்மன் புத்தகத் தொழிலுக்கும் இசைப் பிரதி அச்சிடுவதற்கும் அதுதான் தலைமையிடமாக இருந்தது. கிளாரா வாசித்த அரங்கின் பெயர் கெவான்ட்ஹவுஸ். மொழிபெயர்த்தால் ஜவுளி மாளிகை. துணி வியாபாரிகளின் கட்டடத்தில் மேலே கச்சேரி மண்டபம். விருதுநகர் மண்டியையும் சிவகாசி அச்சாபீசையும் ஒரே தெருவில் கொண்டுவந்து வைத்தால் லைப்சிக் வந்துவிடும் என்று நான் சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் சரக்குப் போட்டு எடுக்கிற ஜனங்களுக்கு நடுவில்தான் அந்த இசை பிறந்தது. கிளாராவின் அப்பா ஃப்ரீட்ரிக் வீக்கே பியானோ விற்றவர், வாடகைக்கு விட்டவர், சொல்லிக் கொடுத்தவர். கடைக்காரர் மகள்.

இனி இன்னொரு தேதி. அதே 1835, அக்டோபர் 21. அன்றைக்குத் தீபாவளி. சாத்தூர் தாண்டி, கோவில்பட்டி போய், கிழக்கே திரும்பினால் எட்டயபுரம். அங்கேதான் அந்தத் தீபாவளி நாளில் முத்துசுவாமி தீட்சிதர் காலமானார். சீடர்கள் 'மீனாக்ஷி மே முதம்' பாடிக்கொண்டிருக்க உயிர் பிரிந்தது என்பது வழிவழியாகச் சொல்லும் செய்தி. சமாதி இன்றும் அங்கே இருக்கிறது. அதிலிருந்து பத்தொன்பதாம் நாள் லைப்சிக்கில் கிளாராவின் கச்சேரி.

இந்த இரண்டு தேதிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அந்த மண்டபத்தில் இருந்த ஒருவருக்கும் எட்டயபுரம் என்ற பெயர் தெரிந்திருக்காது. ஆனாலும் என்னால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் தீட்சிதர் வெள்ளைக்காரன் சங்கீதத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டவர் இல்லை. சென்னைப் பக்கம் மணலியில் இருந்த நாளில் கோட்டை பேண்டு வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரம் என்று சொல்கிறோமே, அவைதான். சுமார் நாற்பது. எல்லாம் சங்கராபரண ஸ்வரங்களில். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற மெட்டுகூட அதில் அம்பாள் பாட்டாகிவிட்டது. தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பிய வயலினை முறையாகக் கற்று, எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்தார். ஆக, கிளாரா வாசித்த காலத்தில் வயலின் நம்ம கரிசல் காட்டுக்கு வந்து கால் ஊன்றிவிட்டது. பியானோதான் வரவில்லை.

அது வராததற்குக் காரணம் உண்டு. பியானோவில் கமகம் கிடையாது. கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளி போர்த்திய சுத்தியல் ஒன்று தந்தியை அடித்துவிட்டுப் பின்வாங்கும். அத்தோடு வாசிப்பவருக்கும் அந்த ஸ்வரத்துக்கும் உறவு முடிந்தது. அதை அசைக்க முடியாது, வளர்க்க முடியாது, தேய்ந்து சாகும்வரை காத்திருக்கலாம். திரியைப் பற்றவைத்துவிட்டுக் கையை எடுக்கிற மாதிரி. வயலினோ, அதைவிடப் பெரிய வில் வாத்தியமான செல்லோவோ அப்படியில்லை. வில் ஓடுகிறவரை ஸ்வரம் உயிரோடு இருக்கும், அசைந்து கொடுக்கும். வில் வாத்தியம் கம்பி மத்தாப்பு, பியானோ வெடி. இந்த வித்தியாசத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கிறது.

வெடி என்றதும் ஞாபகம் வருகிறது. இசைக்கும் வாணவேடிக்கைக்கும் ஐரோப்பாவில் பழைய சிநேகம். 1749 ஏப்ரல் 27ஆம் தேதி லண்டனில் பெரிய வாணவேடிக்கை; அதற்கென்றே ஹாண்டல் இசை எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு மழை. வெடித்ததைவிட நமத்தது அதிகம், மேடைக் கட்டடத்தின் ஒரு பக்கம் தீப்பிடித்தும் போனது. வேடிக்கை சந்தி சிரித்தது, பாட்டு நிலைத்துவிட்டது. நம்ம ஊர்ச் சரக்கு வாங்கியிருந்தால் அந்த அவமானம் இல்லை.

சரி, கன்சர்ட்டோ என்றால் என்ன? ஒரு தனி வாத்தியமும் அறுபது எழுபது பேர் கொண்ட ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து செய்யும் கச்சேரி. வழக்கமாக மூன்று பகுதி. ஒன்று முடிந்து, மூச்சு விட்டு, இருமிவிட்டு, அடுத்தது. கிளாரா அந்த இருமலுக்கு இடம் வைக்கவில்லை. மூன்றும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு போகும். அந்த நாளில் எல்லோரும் செய்கிற காரியம் இல்லை அது.

முதல் பகுதி அணிவகுப்பு நடையில் ஆரம்பிக்கிறது. நம்ம காதுக்கு நடபைரவியும் கீரவாணியும் கலந்தாற்போல் இருக்கும். ஆர்க்கெஸ்ட்ரா கொஞ்ச நேரம் மிடுக்காகப் பேசியதும், பியானோ இரண்டு கையாலும் பலமாகத் தாவி மேலேறி நுழைகிறது. 'நான் வந்துவிட்டேன்' என்கிற நுழைவு. பிறகு ஒரு ஏக்கமான மெட்டு, அதைச் சுற்றி விரல் ஓட்டம், கொஞ்சம் ஷோப்பான் வாடை. இந்தப் பகுதி தன் வழக்கமான முடிவுக்குப் போய்ச் சேருவதே இல்லை. முடியப் போகிறது, முடியப் போகிறது என்று நிற்கிறோம்; திரி எரிந்துகொண்டே போகிறது; வெடிக்கவும் இல்லை, அணையவும் இல்லை. ஆர்க்கெஸ்ட்ரா ஒதுங்கிக்கொள்கிறது. சுருதி மாறுகிறது. ஆறு கட்டையில் போய்க்கொண்டிருந்த பாட்டு ஐந்தரைக் கட்டைக்கு இறங்கி, சங்கராபரணமாக விரிகிறது. பாகவதர் யாராவது கச்சேரி நடுவில் இப்படிச் செய்தால் தம்புராக்காரர் எழுந்து போய்விடுவார். இங்கே அது வாசற்படி இறங்கி முற்றத்துக்கு வருவது போல இருக்கிறது.

அந்த முற்றம்தான் இரண்டாம் பகுதி, ரொமான்ஸ். நான் இந்தக் கூட்டத்தைக் கூட்டச் சொன்னதே இந்த ஐந்து நிமிஷத்துக்காக.

முதலில் பியானோ மட்டும். ஆர்க்கெஸ்ட்ரா முழுசும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஒரு பெண் தனியாக உட்கார்ந்து பாடிக்கொள்வது மாதிரி ஒரு மெட்டு. நடுவில் அது கொஞ்சம் கலங்குகிறது. பிறகு முதல் மெட்டு திரும்பி வருகிறது. ஆனால் இந்தத் தடவை அதைப் பாடுவது பியானோ இல்லை. ஒரே ஒரு செல்லோ. பியானோ அடியில் போய்ப் பக்கவாத்தியமாகிவிடுகிறது. இவ்வளவு நேரம் அடித்துச் சாகிற ஸ்வரங்களால் சொல்லப்பட்டது, இப்போது வில்லின் நீளத்துக்கு உயிரோடு நின்று பேசுகிறது. வெடி சொன்னதை மத்தாப்பு திருப்பிச் சொல்கிறது. அறுபது பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மேடையில், இரண்டே இரண்டு பேர்.

இது நமக்குப் புதுசு இல்லை. கச்சேரியில் ஆலாபனை நடக்கும்போது மிருதங்கக்காரர் கை சும்மாதானே இருக்கிறது? பாடகரும் வயலினும் மட்டும். வயலின்காரர் வாங்கித் திருப்பும்போது பாடகர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அந்த இடத்தில் சபையே கொஞ்சம் முன்னால் சாயும். ஐரோப்பியக் கன்சர்ட்டோவில் அந்தச் சாய்வைக் கொண்டுவர வேண்டும் என்று பதினாறு வயதுக்குள் ஒரு பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது. ராபர்ட் ஷூமான் 1845இல் தன் பியானோ கன்சர்ட்டோவை முடித்தார். அதுவும் ஏ மைனர். அதன் நடுப் பகுதியிலும் செல்லோக்கள் பாடும். அதை முதன்முதலில் மேடையில் வாசித்தவர் கிளாராதான். பிரம்ஸ் 1881இல் தன் இரண்டாவது கன்சர்ட்டோவில் தனிச் செல்லோவுக்கு ஒரு பெரிய பாட்டே வைத்தார். யார் யாரிடம் வாங்கினார்கள் என்று நான் பஞ்சாயத்துப் பண்ண வரவில்லை. வருஷத்தை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள்.

இதை என் அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். எனக்கு ஏழு வயது மூத்தவர். ஒன்பது வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர். சட்டத்தில் குச்சி அடுக்குகிற வேலை. விடியுமுன்னே போய், பொழுது சாய வருவார். விரல் அப்படி ஓடும். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். பட்டாசு, தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகளை வைப்பது பற்றி 1996 டிசம்பர் 10ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, ஒரு குழந்தைக்கு இருபதாயிரம் ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்றபோது அக்காவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. அவருக்கு கிளாரா யார் என்று தெரியாது. நான் எதுவும் சொல்லவும் இல்லை. ஹெட்போனை மாட்டிவிட்டேன்.

முதல் பகுதி ஓடும்போது சொன்னார்: "ஏ தம்பி, இந்தப் புள்ளைக்குப் பின்னாடி யாரோ நிக்காக."

"யாரு?"

"கணக்கப்பிள்ள மாதிரி. பாத்துக்கிட்டே நிக்காக. அதான் இம்புட்டு வேகம்."

ரொமான்ஸ் வந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "இப்பப் போயிட்டாக" என்றார்.

அந்த அப்பாவைப் பற்றி அப்புறம்தான் அக்காவிடம் சொன்னேன். கிளாராவுக்கு ஐந்து வயது ஆகும்போது அம்மா பிரிந்து போய்விட்டார். அப்பா வீக் மகளை மேதையாக்கியே தீருவது என்று நின்றார். ஒன்பது வயதில் மேடை, பதினோரு வயதில் கெவான்ட்ஹவுஸில் தனிக் கச்சேரி. பியானோ, இசை இலக்கணம், தினமும் நீண்ட நடை, எல்லாவற்றுக்கும் அட்டவணை. மகளின் நாட்குறிப்பைக்கூட அவரே எழுதினார், 'நான்' என்று மகளின் குரலில். நல்ல வாத்தியார்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் பின்னால் நின்றார். ராபர்ட்டைக் கட்டிக்கொள்ள அந்தப் பெண் அப்பாமீதே கோர்ட்டுக்குப் போக வேண்டிவந்தது. 1840 செப்டம்பர் 12, தன் இருபத்தொன்றாவது பிறந்தநாளுக்கு முந்தின நாள் கல்யாணம்.

அக்கா கேட்டுச் சொன்னதில் ஒரு இடத்தில் நான் ஒத்துப்போகவில்லை. வேகமெல்லாம் பயத்தில் வருவதில்லை. முதல் பகுதியில் அந்தத் தாவலில் ஒரு குறும்பும் இருக்கிறது, 'என் கையைப் பார்' என்கிற ஆசையும் இருக்கிறது. இதைச் சொன்னேன். "நானும் வேகமாத்தான் அடுக்குவேன். சந்தோசமாத்தான் அடுக்குவேன். அதுக்காக ஆள் நிக்கலன்னு ஆயிருமா?" என்றார். எனக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை.

மூன்றாம் பகுதி. ரொமான்ஸ் முடிகிற இடத்தில், இத்தனை நேரம் சும்மா இருந்த டிம்பனி மெல்ல உருள ஆரம்பிக்கும். டிம்பனி என்றால் அண்டா மாதிரி இருக்கும் பெரிய முரசு. தூரத்தில் மேகம் உறுமுகிற மாதிரி, அவ்வளவுதான். அதைத் தொடர்ந்து எக்காளம் கூப்பிடும். போலந்து நாட்டு நடனத்தின் தாளம், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணலாம். மொத்த நேரத்தில் கிட்டத்தட்டப் பாதியை இந்தப் பகுதியே எடுத்துக்கொள்கிறது. உண்மையைச் சொன்னால் சரவெடி கொஞ்சம் நீளம். இதைத்தான் அவர் முதலில் எழுதினார், பதினான்கு வயதில், தனிப் பாட்டாக. ராபர்ட் ஷூமான்தான் அப்போது அதற்கு ஆர்க்கெஸ்ட்ரா அமைத்துக் கொடுத்தார். மற்ற இரண்டு பகுதியும் பின்னால் எழுதி முன்னால் சேர்த்தவை. ஆக, கேட்கும்போது கடைசியில் வருவது சின்னப் பிள்ளையின் கை. நடுவில் வருவது வளர்ந்த கை. தெரிந்து கேட்டால் மூன்றாம் பகுதியின் அலட்டலைக்கூட ரசிக்க முடிகிறது. முதல் முறை கேட்டபோது எனக்கு அலுப்புத் தட்டியது என்பதையும் மறைக்கவில்லை.

இவ்வளவு நல்ல சரக்கு ஏன் அலமாரியிலேயே கிடந்தது? 1837இல் லைப்சிக்கிலேயே ஹோஃப்மைஸ்டர் பதிப்பகம் இதை அச்சிட்டது. மதிப்புரை வந்தது. ராபர்ட் ஷூமான் ஆசிரியராக இருந்த பத்திரிகையிலேயே வந்தது. ஒரு பெண்மணியின் படைப்பு என்பதால் இதை விமர்சிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை, இதுதான் அந்த மதிப்புரையின் சாரம். திட்டியிருந்தால்கூட யாராவது சண்டைக்குப் போயிருப்பார்கள், சண்டையில் நாலு பேர் வாங்கிப் பார்த்திருப்பார்கள். மரியாதையாக ஒதுக்கி வைத்துவிட்டார்கள். வெடித் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்: காகிதத்தை இறுக்கிச் சுற்றாவிட்டால் எவ்வளவு நல்ல மருந்தும் புஸ்ஸென்று போகும். எதிர்ப்பு இல்லாமல் சத்தம் இல்லை. கிளாராவின் பாட்டுக்கு அந்த இறுக்கத்தை யாரும் கொடுக்கவில்லை.

1839 நவம்பரில், இருபது வயதில், படைக்கும் திறமை தனக்கு உண்டு என்று ஒரு காலத்தில் நம்பியதாகவும் இப்போது அந்த எண்ணத்தை விட்டுவிட்டதாகவும் நாட்குறிப்பில் எழுதினார். இந்தத் தடவை 'நான்' என்று எழுதியது அவர் கைதான். முழுசாக விட்டும்விடவில்லை, பாட்டுகள், பியானோத் துண்டுகள், ஒரு நல்ல ட்ரையோ எல்லாம் அதன் பிறகு வந்தன. ஆனால் இன்னொரு கன்சர்ட்டோவை அவர் முடிக்கவே இல்லை. எட்டுக் குழந்தைகள். கணவர் மனநோய் முற்றி 1856இல் இறந்தார். பிறகு நாற்பது வருஷம் உயிரோடு இருந்தார். ஊர் ஊராகப் போய் வாசித்துச் சம்பாதித்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். கணவர் பாட்டை உலகம் கேட்கும்படி செய்ததில் பெரிய பங்கு அவருடையது.

நம்ம ஊரில் வெடிச் சத்தத்துக்கு அளவு வைத்திருக்கிறார்கள்: வெடிக்கிற இடத்திலிருந்து நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது. அளவுக்குக் கீழே எவ்வளவு மெல்லிசாகப் போகலாம் என்பதற்குச் சட்டம் இல்லை. இப்போது கேட்கப் போவதில் அந்த மெல்லிசான இடம் பன்னிரண்டாவது நிமிஷத்தை ஒட்டி வரும். டிம்பனி உருளும் இடம் அது. ஸ்பீக்கர் பெட்டியின் சத்தத்தை நான் கூட்டப் போவதில்லை. நீங்கள்தான் காதைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். பியானோ தனியாக வாசிக்க ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். செல்லோ நுழைகிற இடத்தில் கையைத் தூக்குங்கள். சத்தமில்லாமல் தூக்கினால் போதும். யார் கை முதலில் எழுகிறது என்று நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அக்கா முன் வரிசையில் இருக்கிறார்; அவருக்கு இடம் தெரியும், அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

தம்பி, ஃபேனை நிறுத்திரு. அந்தப் பக்கத்து ஜன்னலையும் சாத்திரு. போடலாம்.